அரிசிப் பருமனில் ஓர் இடைவெளி… கர்ப்பிணியின் இடுப்பு வலி பற்றி இதெல்லாம் தெரியுமா?

அடிவயிறு முடியும் இடத்தில், இடுப்புக் கூட்டின் முன்பக்கத்து எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே நிற்கின்றன, தெரியுமா? நடுவில் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி. அதை நிரப்பி நிற்பது ஒரு குருத்தெலும்புத் தட்டு. பின்பக்கம், முதுகுத்தண்டின் அடியில், இடமும் வலமுமாக இன்னும் இரண்டு மூட்டுகள். நம் மேலுடம்பின் பாரத்தைக் கால்களுக்கு இறக்கும் வளையம் இந்த மூன்று மூட்டுகளால்தான் இணைந்திருக்கிறது!

கருவுற்ற பிறகு அந்த முன் இடைவெளி இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரிகிறது. ஓர் அரிசியின் பருமன்தான்! குழந்தை வெளியே வர உடம்பு தானாகவே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்கள் இதை உணர்வதே இல்லை. ஆனால், கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மூட்டுகளில் வலி வருகிறது. முன் எலும்பில் சுருக்கென்று குத்தும், தொடை இடுக்குக்கு இறங்கும், பின்னால் புட்டம் வரை இழுக்கும். படுக்கையில் புரண்டால் உயிர் போகும். சில நேரம் ‘கடக்’ என்று சத்தம்கூடக் கேட்கும்!

இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: இடுப்பு வளைய வலி. 2008-இல் ஐரோப்பிய மருத்துவ வல்லுநர்கள் இதைக் கண்டறியவும் சிகிச்சை தரவும் தனி வழிகாட்டி நெறிகளே வெளியிட்டார்கள். அப்படியிருக்க, “புள்ளத்தாச்சின்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ” என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எத்தனை பெரிய அநியாயம்! இது சகித்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல, குறைக்கக்கூடிய வலி.

இடுப்பு மூட்டுகளை இளக்கும் ஹார்மோனின் கதை தெரியுமா? 1926-இல் ஃபிரடெரிக் ஹிசா என்ற அமெரிக்க ஆய்வாளர், கருவுற்ற விலங்கின் ரத்தநீரைக் கருவுறாத கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவற்றின் இடுப்பு இணைப்பு தளர்ந்துவிட்டது! அதற்குக் காரணமான ஹார்மோன்தான் ‘ரிலாக்ஸின்’. மனிதர்களின் இடுப்பு வலிக்கும் இதுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால், பெண்களின் ரத்தத்தில் ரிலாக்ஸின் உச்சத்துக்குப் போவது முதல் மூன்று மாதங்களில். வலி பலருக்கும் வலுப்பது அதற்கு வெகு பின்னால்! ரிலாக்ஸின் அளவுக்கும் வலிக்கும் உறுதியான தொடர்பை ஆய்வுகளால் காட்ட முடியவில்லை. மூட்டுகள் இரு பக்கமும் ஒரே சீராக அசையாததும், அவற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வயிற்று, புட்டத் தசைகள் தடுமாறுவதும், முன்பே இருந்த முதுகு வலியும் இதில் சேர்கின்றன. இது நல்ல சேதி. ஹார்மோனை நம்மால் மாற்ற முடியாது. தசைகளைப் பழக்க முடியும்!

பெண்ணின் முதுகெலும்பே கருவைச் சுமப்பதற்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? வயிறு முன்னே தள்ளும்போது கர்ப்பிணி பின்னால் சாய்ந்து நடக்கிறாளே, அதற்குத் தோதாகப் பெண்களின் கீழ்முதுகு வளைவு மூன்று எலும்புகளில் பரவியிருக்கிறது, ஆண்களுக்கு இரண்டில்தான்! 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஆஸ்திரலோபிதிகஸ் எலும்புகளிலேயே இந்த வேறுபாடு தென்படுகிறதாம்!

இன்னொரு அதிசயம். இடுப்பு வளைய வலியைக் கண்டறிய, மல்லாந்து படுத்து, ஒரு காலை முட்டி மடக்காமல் 20 சென்டிமீட்டர் தூக்கச் சொல்வார்கள். இந்த வலி உள்ளவருக்குக் கால் கல்லாய்க் கனக்கும். பிசியோதெரபிஸ்ட் இரு பக்கமும் கைவைத்து இடுப்பை அழுத்திப் பிடித்ததும், அதே கால் லேசாக எழும்பும்! கர்ப்பிணிகளுக்கான இடுப்பு பெல்ட் சிலருக்கு உதவுவதும் இப்படித்தான். நடக்கும்போது, வேலை செய்யும்போது மட்டும் சற்று நேரம் போட்டால் போதும்.

வலியைக் கூட்டுவது எது? கால்களை அகட்டுவதும், ஒற்றைக் காலில் பாரம் ஏற்றுவதும். இந்த இரண்டையும் தவிர்த்தால் நாள் முழுவதையும் மாற்றிவிடலாம்! ஆட்டோவில் முதலில் உட்காருங்கள், பிறகு முட்டிகளைச் சேர்த்தபடி இரு கால்களையும் உள்ளே திருப்புங்கள். படி ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், ஒரு நேரத்தில் ஒரே படி. லெகின்ஸோ பாவாடையோ, உட்கார்ந்துதான் போட வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை. புரளும்போது முட்டிகளைச் சேர்த்தே புரளுங்கள். மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்காதீர்கள், தண்ணீர்க் குடத்தையும்தான். பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதும் வேண்டாம்.

“குந்தி உட்கார்ந்து வீடு துடை, சுகப்பிரசவம் ஆகும்” என்று பாட்டிமார் சொல்வது அன்பினால்தான். ஆனால் இந்த வலி இருக்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது! குந்துவதும் சம்மணம் போடுவதும் அவளுக்கு வேதனை. துடைக்கும் துணியை வேறு யாராவது எடுக்கட்டும். முடிந்தால் வெஸ்டர்ன் டாய்லெட். அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்துவிடும். வலிக்காத அளவு குட்டி குட்டி நடை நல்லது.

அக்குபங்சர்? 2005-இல் ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரோ தசை வலுப்படுத்தும் பயிற்சியோ சேர்த்தபோது வலி நன்றாகக் குறைந்தது. மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு பாராசிட்டமால். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம்.

ரத்தக்கசிவு, நீர் போதல், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், குழந்தையின் அசைவு குறைதல், கால் மரத்துப்போதல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் இது வெறும் இடுப்பு வலி என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

இந்த வலி குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை. வலி இருந்தாலும் பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே ஆகும். பிரசவத்துக்கு முன்பே, வலிக்காமல் முட்டிகளை எவ்வளவு அகட்ட முடிகிறது என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்ட பிறகு வலி தெரியாது. கால்களை அளவுக்கு மீறி விரித்துவிடாமல் செவிலியருக்கு அந்தக் குறிப்பு உதவும்! ஒருக்களித்தோ, கைகளையும் முட்டிகளையும் ஊன்றியோ பிள்ளை பெறலாமா என்றும் கேட்டுவையுங்கள். பிறந்தபின் சில வாரங்களில், சில மாதங்களில் பெரும்பாலோருக்கு வலி விலகிவிடுகிறது. விலகாவிட்டால் பிசியோதெரபியைத் தொடருங்கள். அடுத்த கர்ப்பத்தில் திரும்பவும் வரலாம் என்பதால், அப்போது முதல் செக்கப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.