தூண்களுக்கு நடுவே: புதுமண்டபமும் மிலான் காலரியாவும்

'பொதுவெளி' பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்குக் கூரையும் தூணும் உண்டு என்பது பேச்சில் வருவதில்லை. வெயிலில் ஒருத்தர் காசு கொடுக்காமல் எங்கே ஒதுங்கலாம் என்று கேட்டால் விஷயம் கொஞ்சம் தெளியும். கொடுமுடிப் பக்கத்துக்காரனான எனக்குச் சந்தை என்றால் திறந்தவெளிதான். புஞ்சைப் புளியம்பட்டியோ கண்ணபுரம் மாட்டுச் சந்தையோ, மர நிழல் கிடைத்தால் உண்டு. அதனாலேயே மதுரைப் புதுமண்டபம் எனக்கு வேறுவகைப் பிரதி.

மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, மதிலுக்கு வெளியே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். கல் உத்தரம் அதிக நீளம் தாங்காது, முறிந்துவிடும். ஆகவே தூண்கள் நெருங்கியே நின்றாக வேண்டும். இந்த நெருக்கத்தில்தான் பின்னாளில் கடைகள் பிறந்தன. இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், மேலே தொங்கும் துணி. அப்புறம் பாத்திரம், வளையல், புத்தகம். நாயக்க மன்னர்களின் சிலைக்கடியில் ஜாக்கெட் தைத்தார்கள். அரசனின் விழா மேடையைத் தையல்காரர் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

ஐரோப்பாவில் இதே வேலையை இரும்பும் கண்ணாடியும் செய்தன. மிலானில் 1865இல் தொடங்கிய காலரியாவை வடிவமைத்த மெங்கோனி, 1877இல் அதன் உச்சியிலிருந்து விழுந்து செத்தார். இரும்பு அகலமாகத் தாண்டும். நடுவில் தூண் வேண்டியதில்லை. கண்ணாடி வெளிச்சத்தை விடும். குளிர்நாட்டுக்காரனுக்கு வேண்டியது அது. பாரிஸின் இத்தகைய கூரைத்தெருக்களைப் பற்றி வால்டர் பெஞ்சமின் 1927 முதல் 1940இல் சாகும்வரை குறிப்புகள் சேர்த்தார். பண்டங்களின் கனவில் நடமாடும் கூட்டம் அவருடைய கவலை.

அந்தக் கண்ணாடி நம்ம வெயிலுக்கு அடுப்பு. இருந்தும் அதைத்தான் ஏ.சி. போட்டுக் கோவை மால்களில் வைத்திருக்கிறோம். வாசலில் காவலாளி நிற்கிறார். கைலி கட்டினவர் தயங்குகிறார்.

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. பிந்திய ஆண்டுகளில் புதுமண்டபக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. தீ பயம் நியாயம்தான்; துணியும் காகிதமும் குவிந்த இடம். ஆனா, 'பாரம்பரியம்' என்கிற சொல்லாடல் கல்லை எண்ணுகிறது, தையல்காரரை எண்ணுவதில்லை.

அதற்காகப் பழைய மண்டபத்தை நினைத்து ஏங்கவும் என்னால் முடியாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் அழைத்துச் செல்லும்வரை எதிரேயிருந்த கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் போக முடியவில்லை. தூண் யாரையும் தானாக உள்ளே விட்டதில்லை. போராடித்தான் நுழைந்தார்கள். இனி அந்த நிழலுக்கு டிக்கெட்டா, நடைபாதையா என்பதை, அங்கே தைத்தவர்களும் துணி கொடுத்துக் காத்திருந்தவர்களும் இல்லாத ஒரு அறையில் முடிவு செய்யக்கூடாது.