விரலுக்கேற்ற வீக்கம்: அகலமான டயர்களைப் பற்றி ஒரு விளக்கம்

லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்களைக் கூர்ந்து கவனித்தால், ஒரு காலத்தில் அங்கே எவை நடமாடின என்பது விளங்கும். மாடுகளும் எருமைகளும் நின்ற வட்டாரத்தில் பஃபலோ ரோடு இருக்கிறது. ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயத் திடல் இருந்ததால் அதன் அருகே ரேஸ் கோர்ஸ் ரோடு. அந்தத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இன்று வார இறுதி இரவுகளில் அதே சாலைகளில் தாழ்வாக அமர்ந்து, சக்கரங்கள் பளபளக்க ஊர்ந்து செல்லும் ஸ்போர்ட்ஸ் கார்களைக் காண்கிறோம். அவற்றுள் பலவற்றின் சக்கரங்கள் தொழிற்சாலையில் மாட்டியவை அல்ல.

இதற்குக் காரணம் உண்டு. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தபின், கார் வைத்திருப்பது பத்தாண்டுக் கணக்காகிவிட்டது. வண்டியை மாற்றுவது எளிதன்று. எனவே வண்டியை மாற்ற முடியாதவர் சக்கரத்தை மாற்றுகிறார். அதிலும் தேசிய சேவை முடித்துப் பகுதிநேர வேலை பார்த்துச் சேமித்த பணத்தில் இளையர்கள் முதலில் தேடிப்போவது அகலமான ரிம்மும் அகலமான டயரும்தான். அகலம் கூடினால் பிடிமானம் கூடும், பிடிமானம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது அவர்களின் நம்பிக்கை. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? நாம் ஓட்டுவது மழை ஓயாத ஊரில் என்பதால், இந்தக் கேள்வி வெறும் அழகு பற்றியது அன்று. பின்னிருக்கையில் அமரும் தம்பி தங்கையரின் உயிர் பற்றியது.

டயரின் பக்கவாட்டில் உள்ள பாடம்

எடுத்துக்காட்டாக, 2012இல் வெளிவந்த டொயோட்டா 86 என்ற காரை எடுத்துக்கொள்வோம். சுபாரு பிஆர்இசட் என்பது இதன் உடன்பிறப்பு. இரண்டு லிட்டர் இயந்திரம், ஏறத்தாழ 200 குதிரைத்திறன், 1,240 கிலோ அளவில் எடை. இதன் உயர்வகை மாதிரிகளுக்குத் தொழிற்சாலையில் மாட்டிய டயரின் அளவு 215/45 ஆர்17. அதே காலத்து பிரியஸ் காரின் சில மாதிரிகளிலும் இதே அளவு டயர்தான். ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு மெலிந்த டயரா என்று பலர் வியந்தனர். ஆனால், அதை வடிவமைத்தவர்கள் அறிந்தேதான் அப்படிச் செய்தனர். மிதமான வேகத்திலேயே வண்டியின் அசைவை ஓட்டுநர் உணர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

இந்த எண்களைப் படிப்பது கடினமன்று. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 45 விழுக்காடு, அதாவது 96.75 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்தோடு இருபக்கச் சுவரையும் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் 625.3 மில்லிமீட்டர் என்று வரும்.

இப்போது 18 அங்குல ரிம்மில் 225/40 டயரை மாட்டினால் விட்டம் 637.2 ஆகிறது; ஏறத்தாழ 1.9 விழுக்காடு கூடுதல். இன்னும் ஆசைப்பட்டு 235/40 மாட்டினால் 645.2, 3.2 விழுக்காடு கூடுதல். இதனால் என்ன என்கிறீர்களா? வேகமானி சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைக் கணிக்கிறது. முன்பு சரியாகக் காட்டிய மீட்டர், இப்போது 90 என்று காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 93இல் ஓடிக்கொண்டிருக்கும். விரைவுச்சாலைக் கேமராவுக்கு நம் மீட்டர் காட்டுவது தெரியாது! ஆகவே அகலத்தைக் கூட்டும்போது பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த விட்டத்தைப் பழைய அளவுக்கு மிக அருகில் வைத்திருப்பதே முறை. அதே 17 அங்குல ரிம் விட்டத்தில் 245/40 மாட்டினால் விட்டம் 627.8தான், வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்த டயருக்குப் பழைய 7 அங்குல அகல ரிம் போதாது. குறைந்தது 8 அங்குலம் வேண்டும்.

தரையைத் தொடுவது எவ்வளவு?

பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடை 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 325 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.45 கிலோ. அந்த எடையைக் காற்றே பெரும்பாலும் தாங்குவதால், வகுத்துப் பார்த்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். நான்கு டயர்களையும் சேர்த்தாலும் நாம் கட்டுரை எழுதும் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. நம் உயிர் அந்த ஒரு தாளின் மேல்தான் ஓடுகிறது.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் தொடும் பரப்பும் பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம்தான். மெல்லிய டயரின் தடம் நீண்டு ஒடுங்கியிருக்கும். அகலமான டயரின் தடம் குறுகிப் பரந்திருக்கும்.

அப்படியென்றால் பந்தயக் கார்கள் ஏன் அகலமான டயர்களைப் பயன்படுத்துகின்றன? வளைவில் திரும்பும்போது தடத்தின் முன்பகுதி தரையைப் பற்றுகிறது. ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, தடத்தின் பின்பகுதியில் வழுக்கத் தொடங்குகிறது. தடம் குறுகலாக இருந்தால் இந்த இழுபாடு குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே பணிகிறது. மேலும், உரசலில் பிறக்கும் சூடு அதிக ரப்பரில் பரவுவதால், விரைவில் தேயும் மென்மையான ரப்பர்க் கலவையைப் பயன்படுத்த முடிகிறது. அகலமான டயரின் பெருமையில் பெரும்பங்கு உண்மையில் அந்தக் கலவைக்கே உரியது. மலிவான அகல டயரைவிட, தரமான கலவையில் செய்த தொழிற்சாலை அளவு டயர் நன்றாகப் பிடிக்கும்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நினைவுகூர வேண்டும். 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு வராமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். டயர் நமக்கு அந்நியப் பொருள் அன்று.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?

அகலமான ரிம் வாங்கும்போது விளிம்பின் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆஃப்செட் என்ற அளவு அதைவிட முக்கியம். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியின் அச்சில் பொருந்தும் முகத்துக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட். டொயோட்டா 86இன் ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48 மில்லிமீட்டர்.

அதே ஆஃப்செட்டில் 8 அங்குல ரிம் மாட்டினால், உள்ளே 12.7 மில்லிமீட்டரும் வெளியே 12.7 மில்லிமீட்டரும் கூடும். ஆஃப்செட் 40 ஆக இருந்தால், உள்ளே 4.7 மட்டுமே கூடும், வெளியே 20.7 நீளும். உள்ளே அதிகம் போனால் டயர் சஸ்பென்ஷனில் உரசும். வெளியே அதிகம் வந்தால் பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டில் உரசும்; பேரிங்கின் மேல் சுமை கூடும்; ஸ்டியரிங் சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் இழுபடும். நடுத்துளையின் அளவும் ஆணித் துளைகளின் வட்டமும் பொருந்த வேண்டும். 86இன் நடுத்துளை 56.1 மில்லிமீட்டர், ஐந்து ஆணிகள் 100 மில்லிமீட்டர் வட்டத்தில். துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் தேவை; இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை. எந்த வகையானாலும் சக்கரம் வண்டியின் உடலைத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கார் மூன்று ஆண்டைக் கடந்தபின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைக் கடந்தபின் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதனைக்கு முதல்நாள் பழைய ரிம்மை மாட்டி, மறுநாள் கழற்றிவிடுவோரும் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது பரிசோதகரை அன்று. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது, வண்டியில் என்ன மாற்றினீர்கள் என்பதைத்தான்.

மழை கேட்கும் கேள்வி

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நாள்கள் ஏறத்தாழ 171. அதாவது, இரண்டு நாளுக்கு ஒரு நாள் என்றே சொல்லலாம். காய்ந்த சாலையில் கைகொடுத்த அதே குறுகிப் பரந்த தடம், ஈரச் சாலையில் எதிரியாகிறது. அகலமான டயர் தன் முன்னே உள்ள அதிகமான நீரை விலக்க வேண்டும். தடம் குறுகியிருப்பதால் அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. விலக்க முடியாத நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஓட்டுநரின் சொல்லைக் கேட்பதில்லை. டயர் தேய்ந்திருந்தால், காற்று குறைந்திருந்தால், இந்த மிதப்பு இன்னும் குறைந்த வேகத்திலேயே நிகழும். ஆழமறிந்து காலை விடு என்பது டயருக்கும் பொருந்தும்.

பந்தய உலகமே இதற்குச் சான்று. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது. 2008இல் மரினா பேயில் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் தொடங்கியது. 2017இல் ஃபார்முலா ஒன் விதிகள் முன்டயரை 245இலிருந்து 305 மில்லிமீட்டராகவும், பின்டயரை 325இலிருந்து 405 மில்லிமீட்டராகவும் அகலமாக்கின. அதே ஆண்டு செப்டம்பரில்தான் சிங்கப்பூர்ப் பந்தயம் முதன்முறையாக மழையில் தொடங்கியது. அத்தனை அகலமான டயரை வைத்திருப்பவர்களும் மழை வந்ததும் ஆழமான பள்ளங்கள் உள்ள வேறு டயருக்கு மாறுகிறார்கள். நம்மிடம் மாற்று டயரும் இல்லை, மூன்று நொடியில் மாற்றித்தரும் ஆள்களும் இல்லை. இன்னொன்றும் உண்டு: 2026ஆம் ஆண்டு விதிகளில் முன்டயர் 25 மில்லிமீட்டரும் பின்டயர் 30 மில்லிமீட்டரும் ஒடுங்கிவிட்டன. எடையையும் காற்றுத் தடையையும் குறைக்க, அகலத்தை விட்டுக்கொடுக்க அவர்களும் தயங்கவில்லை.

முடிவாக என்ன செய்வது?

அகலமான டயர் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 86இல் 8 அங்குல ரிம்மும் 225/45 டயரும் அளவான மாற்றம், விட்டம் 1.4 விழுக்காடுதான் கூடும். ஆனால் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ பணத்தை எடுத்து நீட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மொத்த விட்டம் எவ்வளவு மாறும்? ஆஃப்செட் என்ன? டயரின் சுமை எண் பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா? ரிம்மின் எடை கூடுகிறதா, குறைகிறதா? மழையில் இந்த டயர் எப்படி? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் பளபளப்பை மட்டும் காட்டும் கடையிலிருந்து வணக்கம் சொல்லி வந்துவிடலாம்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் நல்ல கலவையுள்ள டயரை வாங்குங்கள். தொழிற்சாலை அளவிலேயே வாங்குங்கள். மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது செலவுக்கு மட்டும் அன்று, சக்கரத்துக்கும்தான். வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மழையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்பவரின் வண்டியில் நம் வீட்டுப் பிள்ளைகளை நம்பி ஏற்றலாம்.