ஐந்தாவது பிறந்தநாள் வரை ஒரு டம்ளர் பால்

'பால்வாடி' என்ற சொல்லில் இருக்கும் பால், பசுவின் பால் அல்ல. குழந்தையைக் குறிக்கும் 'பால' என்ற வடசொல் அது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு டம்ளர் பாலும், அதைச் சுற்றிச் சப்பணமிட்டு உட்கார்ந்த பிள்ளைகளும்தான் நம் மனத்தில் வருகிறார்கள். அந்தக் காட்சி அநேகமாக அப்படியே தினமும் நடக்கும் நாடு பிரிட்டன். காலை பத்து, பத்தரை மணிக்கு நர்சரியில் விளையாட்டுச் சாமான்களை ஓரங்கட்டிவிட்டு, சின்னக் கோப்பைகளில் பால் ஊற்றுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு 189 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒன்று அளவுக்கு வரும்.

அதென்ன 189 என்று தோன்றும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. அதை மூன்றாகப் பங்கிட்டால் வருவது இந்த அளவு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பைன்ட் என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட கணக்கு, லிட்டர் வந்த பிறகும் மாறவில்லை.

இந்தப் பாலுக்கான பணத்தை அரசு தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'நர்சரி மில்க் ஸ்கீம்' என்று பெயர். அரசிடம் பதிவு பெற்ற நர்சரியோ, தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரோ இதில் சேரலாம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளை அன்றைக்கு இரண்டு மணி நேரமாவது அங்கே இருக்க வேண்டும். நர்சரி பாலை வாங்கி ஊற்றிவிட்டு, எத்தனை பிள்ளைகள் எத்தனை நாள் வந்தார்கள் என்று வருகைப்பதிவேட்டைப் பார்த்து எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்திக் கணக்கு அனுப்பினால், செலவான தொகை திரும்ப வந்துவிடும். ஒரு வயது ஆகாத கைக்குழந்தைக்குப் பசும்பாலுக்குப் பதில் ஃபார்முலா பால்மாவு. ஒரு வயது முதல் இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால், அதன் பிறகு பாதி நீக்கியதும் கொடுக்கலாம் என்பது அங்கே நெடுங்காலம் இருந்த மருத்துவ அறிவுரை. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 350 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறார்கள். இந்த ஒரு கோப்பையிலேயே சுமார் 225 மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பிள்ளையின் அப்பா என்ன வேலை பார்க்கிறார், அம்மாவுக்கு எவ்வளவு சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. வருமானச் சான்று கிடையாது, விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்பது கிடையாது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றுகிறார்கள். பிள்ளைகளுக்குள் வித்தியாசம் தெரியாது, ஊற்றுகிறவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இது தானாக அமைந்ததல்ல. இதற்குப் பின்னால் நெடிய கதை இருக்கிறது, அதில் ஒரு பகுதி கல்நெஞ்சையும் கரைக்கும்.

ஸ்காட்லாந்தில் லனார்க்‌ஷயர் என்று ஒரு பகுதி. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமாக வேலை செய்து பிழைத்த ஜனங்கள். 1930ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அங்குள்ள 67 பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பால் குடித்தால் பிள்ளைகள் உண்மையாகவே வளர்கிறார்களா என்று பார்க்க 20,000 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட் பால். மற்ற 10,000 பேருக்கு எதுவும் இல்லை, உயரமும் எடையும் மட்டும் அளப்பார்கள். சீட்டுப் போட்டோ அகர வரிசைப்படியோ பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு பக்கம் நல்ல போஷாக்கான பிள்ளைகளாகவும் மறுபக்கம் நோஞ்சான்களாகவும் அமைந்துவிட்டால், தலைமையாசிரியர் கொஞ்சம் மாற்றிச் சமன் செய்துகொள்ளலாம் என்றும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? எலும்பும் தோலுமாக ஒரு பையன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கன்னம் உப்பிய இன்னொருவன் பக்கத்தில் இருக்கிறான். பால் ஒருவனுக்குத்தான். எந்த வாத்தியாருக்கு மனசு வரும்? பல பள்ளிகளில் மெலிந்த பிள்ளைகள் பால் குடிக்கும் பக்கத்துக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். அயர்லாந்தில் டப்ளின் நகரத்து கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் புள்ளியியல் கட்டுரைகள் எழுதிய வில்லியம் கோசெட், அடுத்த ஆண்டே இதைக் கண்டுபிடித்து எழுதினார். சோதனை தொடங்கும்போதே பால் இல்லாத பிள்ளைகள் பால் பெற்ற பிள்ளைகளைவிட உயரமாகவும் கனமாகவும் இருந்தார்கள். அப்படியானால் பிரிவினை சரியாக நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

அவர் கவனித்த இன்னொரு விஷயம் என்னை அதிகம் உலுக்கியது. பிள்ளைகளை உடுப்போடுதான் எடை போட்டார்கள். முதல் எடை பிப்ரவரிக் குளிரில், கடைசி எடை ஜூன் கோடையில். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் கம்பளியும் கனத்த கோட்டுமாக வந்து நின்றது, ஜூனில் மெல்லிய சட்டையோடு வந்தது. வளர்ந்த எடையில் ஒரு பகுதி உடுப்போடு கழன்று போயிற்று. ஏழைப் பிள்ளைக்குக் குளிருக்கென்று தனி உடுப்பு ஏது? பிப்ரவரியிலும் அதே சட்டை, ஜூனிலும் அதே சட்டை. தராசில் அந்தப் பிள்ளைக்கு எதுவும் குறையவில்லை. பாலால் கூடிய எடை எவ்வளவு, இல்லாமையால் கூடியதாகத் தெரிந்த எடை எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. இருபதாயிரம் பிள்ளைகள் வேண்டாம், ஒரே கருவில் பிறந்த 50 இரட்டையர் ஜோடிகளை வைத்துச் செய்திருந்தால் போதும் என்று கோசெட் எழுதினார். விஞ்ஞானமாக அது சரி. ஆனால் பால் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்கு உண்டு, உனக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் தடுமாறிய அந்த ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. ஜான் பாய்ட் ஓர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் (பின்னாளில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புக்கு முதல் தலைமை இயக்குநர் ஆனவர், 1949இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்) 1920களிலேயே பாலின் பயனைச் சோதித்துக் காட்டியிருந்தார். இன்னொரு பக்கம் விற்காத பாலை வைத்துக்கொண்டு விவசாயிகள் திண்டாடினார்கள். பசித்த பிள்ளையையும் தேங்கிய பாலையும் சேர்த்துவைத்தது 1934ஆம் ஆண்டுப் பால் சட்டம். பள்ளியில் மூன்றில் ஒரு பங்கு பைன்ட், அரைப் பென்னி விலை. 1940 ஜூலையில், போரின் நடுவே, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைன்ட் பால் மலிவு விலையில் வந்தது. கையில் காசில்லாதவர்களுக்கு அதுவும் இலவசம். இன்றைய நர்சரிப் பாலின் வேர் அந்தப் போர்க்காலத்தில்தான் இருக்கிறது. 1946இல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் பால் முற்றிலும் இலவசமானது.

அந்தத் தலைமுறைப் பிரிட்டிஷ்காரர்களிடம் பள்ளிப் பால் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். குட்டிக் கண்ணாடிப் புட்டிகள், தகர நிறத்தில் மூடி. பனிக்காலத்தில் பால் உறைந்து மூடியை மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். கோடையில் வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாகி, குமட்டிக்கொண்டு வரும். புட்டிகளை எடுத்துக் கொடுக்கும் 'மில்க் மானிட்டர்' பதவிக்கு வகுப்பில் போட்டி.

பிறகு ஒவ்வொரு வயதாகக் கழித்தார்கள். 1968இல் ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இலவசப் பாலை நிறுத்தியது. அதற்கு அவ்வளவாகச் சத்தம் எழவில்லை. 1971இல் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்தியபோதுதான் நாடு கொதித்தது. அவர் பெயரோடு 'பறிப்பவர்' என்ற ஆங்கிலச் சொல் எதுகையாகப் பொருந்திப்போனது. பிள்ளைகளின் பாலைப் பறித்தவர் என்ற அந்தப் பட்டம், அவர் பிரதமராகிப் பதவி விலகிய பின்னும் அவரை விட்டு விலகவே இல்லை.

அந்த நினைவின் பலம் 2010 ஆகஸ்டில் தெரிந்தது. செலவைக் குறைக்க நர்சரிப் பாலை நிறுத்திவிடலாமா என்று சுகாதாரத் துணை அமைச்சர் ஆன் மில்டன் எழுதிய கடிதம் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள்களுக்குக் கிடைத்துவிட்டது. இன்னொரு அமைச்சர் டேவிட் வில்லட்ஸ் பி.பி.சி.யில் நேரலையில் உட்கார்ந்து, அரசு இதைப் பரிசீலிப்பது ஏன் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். அவர் பேசி முடிக்கும் முன்பே பிரதமர் டேவிட் கேமரூன் அலுவலகம், அப்படி எதுவும் நடக்காது என்று அறிவித்துவிட்டது.

ஆனால் அந்தக் கடிதம் எழுந்த காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. 2007-08இல் சுமார் 2 கோடியே 70 லட்சம் பவுண்டாக இருந்த செலவு, 2010-11இல் சுமார் 5 கோடியே 30 லட்சமாகிவிட்டது. மூன்றே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளைகள் அதே அளவுக்கா பெருகினார்கள்? இல்லை. திட்டத்தின் அமைப்பிலேயே ஒரு ஓட்டை இருந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அவ்வளவையும் அரசு திருப்பித் தந்தது, உச்சவரம்பு இல்லை. பல நர்சரிகள் ரசீதும் கணக்குமாகச் சிரமப்பட மனமில்லாமல் வேலையை முகவர்களிடம் விட்டன. முகவரே பாலைக் கொண்டுவந்து வைப்பார், முகவரே அரசிடம் பணம் வாங்கிக்கொள்வார். ஊற்றுகிறவருக்குப் பாலின் விலை தெரியாது, விலை சொல்கிறவரிடம் பேரம் பேசுவாரும் இல்லை. கடையில் விற்கும் விலையைப் போல இரண்டு மடங்கு வரை கணக்கு வந்தது.

2012இல் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அப்போது சுமார் 55,000 இடங்களில் 15 லட்சம் பிள்ளைகள் இந்தப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். விலைக்கு வரம்பு வைப்பதா, நர்சரிகளுக்கு அட்டை கொடுத்துக் கடையில் வாங்கச் சொல்வதா, நாடு முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டு அரசே அனுப்புவதா என்று பல யோசனைகள். வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் லண்டன் சூப்பர்மார்க்கெட் விலையை வைத்து நாடு முழுவதற்கும் ஒரே வரம்பு போடக் கூடாது. தொலைதூரக் கிராமத்தில் பத்துப் பிள்ளைகள் உள்ள நர்சரிக்கு தினமும் நான்கு பைன்ட் பாலைக் கொண்டுபோய் வைக்கிற வண்டிக்கு டீசல் செலவு உண்டு. அதை லாபவெறி என்று சொன்னால் அநியாயம்.

சின்ன இடங்களின் கஷ்டம் வேறு மாதிரி. மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டருக்கு நாளைக்கு ஒரு பைன்ட் ஆகும். பைன்ட் 50 பென்ஸ் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 20 நாளில் 10 பவுண்டு. அந்தப் பத்துப் பவுண்டுக்காக அவர் முதலில் கைக்காசு போட்டு, ரசீது சேர்த்து, நாள்வாரியாகத் தலை எண்ணி, கணக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் அவருக்கு உட்கார நேரம். செலவழித்த பின் தருகிறோம் என்கிற ஏற்பாடு, பணம் புரள்கிறவர்களுக்குச் சௌகரியம். கையிருப்புக் குறைந்தவர்களுக்கு அதுவே சுமை.

ஸ்காட்லாந்து 2021 ஆகஸ்டில் இதிலிருந்து பிரிந்து தனித் திட்டம் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு என்று தொகையை முன்னதாகவே நிர்ணயித்து, உள்ளூர் நிர்வாகம் வழியாக முன்பணமாகவே தந்துவிடுகிறார்கள். பாலோடு ஒரு பழமோ காய்கறியோ உண்டு. பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு, கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயாப் பாலும் கணக்கில் வரும். இங்கிலாந்தின் பழைய திட்டத்தில் பசும்பால் மட்டும்தான். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை மேசையில் உட்காரும், அதன் கோப்பைக்கு அரசு காசு தராது. நர்சரியோ பெற்றோரோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஜாடி என்று பெருமையாகச் சொன்னேன், அந்த ஜாடியிலிருந்து குடிக்க முடியாத பிள்ளைகளை அது மறந்துவிட்டது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பள்ளியில் சேரும் வரை பால் உண்டு. இங்கிலாந்தில் ஐந்தாவது பிறந்தநாள்தான் எல்லை. அங்கே பிள்ளைகள் நான்கு வயது முடிந்த செப்டம்பரில் 'ரிசப்ஷன்' வகுப்பில் சேருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிறந்த சிறுமிக்குப் பள்ளி ஆண்டு முழுக்க இலவசப் பால் வரும். செப்டம்பர் நடுவில் பிறந்த சிறுவனுக்குப் பள்ளி திறந்த இரண்டே வாரத்தில் நின்றுவிடும். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே மேசையாகவும் இருக்கலாம். அதன் பிறகு அவனுக்குப் பால் வேண்டுமென்றால் பெற்றோர் மானிய விலையில் பணம் கட்ட வேண்டும். குடும்ப வருமானம் குறைவு என்று இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்தால் மட்டும், 2015 முதல் உள்ள விதிப்படி, பள்ளி இலவசமாகத் தர வேண்டும். உன் வீட்டில் எவ்வளவு சம்பளம் என்று அவன் கோப்பையைப் பார்த்து முதன்முதலாகக் கேட்பது ஐந்தாவது பிறந்தநாளுக்கு மறுநாள்.