நியூயார்க்கில் ஒரு கர்ப்பகால உதவி மையம் திறப்பது எப்படி?

நினையாத நேரத்தில் கரு தங்கிவிட்டது. வீட்டில் சொல்ல முடியவில்லை, கையில் காசில்லை, காரணமானவன் போனை எடுப்பதில்லை. இப்படி நிற்கும் பெண்ணிடம், "பெற்றுக்கொள்ளம்மா, நாங்கள் கூட இருக்கிறோம்" என்று சொல்வதற்காக அமெரிக்கத் திருச்சபைகள் தாங்கி நடத்தும் இடங்களே கர்ப்பகால உதவி மையங்கள். கர்ப்பப் பரிசோதனை, ஆலோசனை, டயப்பர், குழந்தைத் துணி, சில இடங்களில் ஸ்கேன் என எல்லாமே இலவசம். கருக்கலைப்பு அங்கே செய்யமாட்டார்கள். அதற்காக வேறிடத்துக்கு அனுப்பிவைக்கவும் மாட்டார்கள்.

1968-ல் கனடாவின் டொரண்டோவில் லூயிஸ் சம்மர்ஹில் தொடங்கிய 'பர்த்ரைட்' இவற்றின் முன்னோடிகளில் ஒன்று. அமெரிக்காவில் இப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அவற்றில் கடினமான களம் நியூயார்க். அந்த மாநிலம் 1970-லேயே, அதாவது கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதித்துவிட்டது. 2022-ல் அந்தத் தீர்ப்பு ரத்தான பிறகும் அங்கே நிலைமை மாறவில்லை. ஆகவே நியூயார்க்கில் மையம் நடத்துவோருக்குச் சட்டம் துணைக்கு வராது. படியேறி வரும் பெண்ணுக்கு என்ன செய்து கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களுக்கு மதிப்பு.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜான் ஓ'கானர். 1984-ல் நியூயார்க் பேராயராகப் பொறுப்பேற்ற அவர், அதே ஆண்டில் ஒரு வாக்குக் கொடுத்தார்: எந்த மதத்தவளானாலும், எந்த ஊர்க்காரியானாலும், கருவுற்றுத் தவிக்கும் பெண் தன் மறைமாவட்டத்தை நாடி வரலாம், தேவையான உதவி கிடைக்கும். பிறகு 1991-ல் 'சிஸ்டர்ஸ் ஆஃப் லைஃப்' என்ற துறவற சபையை அவரே நிறுவினார். அந்த அருட்சகோதரிகளின் மன்ஹாட்டன் மடத்தில் கர்ப்பிணிகள் அவர்களோடு ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள். வாக்குக் கொடுப்பவர்கள் அதை நிறைவேற்ற ஆட்களையும் அறைகளையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மடம் இல்லாத சாதாரண சபைகள் எங்கிருந்து தொடங்குவது? முதலில் தனி அமைப்பாகப் பதிவு செய்ய வேண்டும். கத்தோலிக்கப் பங்கு, பாப்டிஸ்ட் சபை, பெந்தெகொஸ்தே சபை என்று பல தரப்பினர் கைகோப்பதால் எல்லோருக்கும் பொதுவான நிர்வாகக் குழு தேவைப்படுகிறது. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவானால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கும். பதிலுக்கு, தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. திருச்சபைகள் ஆண்டுக் கணக்கை வரித்துறைக்குக் காட்டத் தேவையில்லை. தனி அமைப்போ ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். காணிக்கைப் பணத்தில் நடக்கும் இடத்துக்கு இந்த வெளிச்சம் நல்லது.

பணம் பெரும்பாலும் சிறுகச் சிறுகத்தான் சேர்கிறது. பல சபைகளில் அன்னையர் தினமான மே இரண்டாம் ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் வாசலில் காலிப் பால்புட்டிகளை அடுக்கி வைப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுத்துப்போய், சில்லறையும் நோட்டும் காசோலையும் போட்டு, ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினத்தன்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். குழந்தைகள்கூடத் தங்கள் உண்டியல் காசைப் போடுவார்கள். நியூயார்க் வாடகைக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு! சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சபை தன் கட்டடத்தில் இரண்டு அறை ஒதுக்கினால்தான் காரியம் ஆகும்.

அந்த அறைக்குள் நடப்பதிலும் விதிகள் உண்டு. ஊழியர் ஒருவர் சிறுநீர் மாதிரியை வாங்கிச் சோதித்து முடிவு சொன்னால், அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது ஆய்வகப் பரிசோதனை. அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும். எனவே மருத்துவ வசதி இல்லாத மையங்களில் அந்தப் பெண்ணே சோதித்து, கோடு ஒன்றா இரண்டா என்று அவளே பார்த்துக்கொள்கிறாள். முடிவு தெரியச் சில நிமிடங்கள் ஆகும். எதிரே உட்கார்ந்திருக்கும் தொண்டருக்குத் தரும் பயிற்சியில் பாதி, அந்தச் சில நிமிடங்களில் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பதுதான்.

ஸ்கேன் வைத்தால் மையம் கிட்டத்தட்ட மருத்துவமனை ஆகிவிடுகிறது. பொறுப்பேற்க உரிமம் பெற்ற மருத்துவர் வேண்டும், இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். இயந்திரத்துக்கு வழி இருக்கிறது: 2009 முதல் 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க ஆண்கள் சங்கம், உள்ளூர்க் கிளை பாதித் தொகை திரட்டினால் மீதியைத் தலைமையகம் தரும் என்ற திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை வாங்கிக் கொடுத்திருக்கிறது. (பெண் கருக்கொலைக்கு அஞ்சி 1994-ல் சட்டம் போட்ட இந்தியாவில், அரசிடம் பதிவு செய்யாமல் இந்த இயந்திரத்தைத் தொட முடியாது.) கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பதை ஸ்கேன் காட்டிவிடும். குழாயில் தங்கிய கரு தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால், பார்ப்பவர் தேர்ந்தவராக இருந்தே ஆக வேண்டும்.

இனி, இந்த மையங்கள் மீதுள்ள பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். கருக்கலைப்பு மருத்துவமனை போலத் தோற்றம் காட்டிப் பெண்களை உள்ளே இழுக்கிறார்கள், தவறான மருத்துவத் தகவல் தருகிறார்கள் என்று மகப்பேறு மருத்துவர் சங்கங்கள் சொல்கின்றன. நியூயார்க் மாநகராட்சி 2011-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு, உரிமம் பெற்ற மருத்துவர் இருக்கிறாரா இல்லையா என்று அறிவிக்கும் கடமையை மட்டும் நிலைநிறுத்தியது. கலிபோர்னியா கொண்டுவந்த இன்னும் கடுமையான சட்டத்தை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடுத்தது.

மையங்கள் வழக்கில் வென்றாலும் நேர்மை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-லேயே ஆராய்ந்து, தொடர்பில்லை என்று சொல்லிவிட்டது. அதை இன்னும் சொல்லித் திரியும் மையம் பயத்தை விற்கிறது. உயிரைக் காக்கும் பணிக்குப் பொய் எதற்கு? "நாங்கள் கருக்கலைப்பு செய்வதில்லை, அனுப்புவதும் இல்லை" என்பது வாசல் பலகையிலும், முதல் தொலைபேசி அழைப்பிலும் வந்துவிட வேண்டும். வரும் பெண் எழுதித் தரும் படிவமும் கவனத்துக்குரியது. காப்பீட்டுக்குப் பில் போடாத இலவச மையங்களை மருத்துவ ரகசியத்துக்கான மத்தியச் சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. அதே கட்டுப்பாட்டைத் தாங்களாகவே எழுதி ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

வருபவர்கள் யார்? பள்ளிச் சிறுமிகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் கருக்கலைப்புக்குச் செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு பிள்ளையாவது உள்ள தாய்மார்கள். 2004-ல் எடுத்த ஓர் ஆய்வில் 73 விழுக்காட்டினர் சொன்ன காரணங்களில் ஒன்று, இப்போது குழந்தை வளர்க்க வசதியில்லை என்பது. அப்படியானால் மையம் முதலில் பதில் வைத்திருக்க வேண்டியது வீட்டு வாடகைக்கும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கும். பிரசவச் செலவுக்கு, வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, மருத்துவரிடம் கூடப் போய்வர ஆள் வேண்டும்.

டயப்பருக்கும் மையம் பதில் வைத்திருக்க வேண்டும். ஏழைகளுக்கான அரசு உணவு உதவிப் பணத்தில் பால் வாங்கலாம், டயப்பர் வாங்க முடியாது. அதனால் பல மையங்கள் குழந்தை வளர்ப்பு வகுப்புக்கு வருவோருக்குப் புள்ளிகள் கொடுத்து, அதற்கு ஈடாக டயப்பரும் தொட்டிலும் தருகின்றன. நன்கொடையாகப் பச்சிளம் குழந்தை அளவு டயப்பர் எளிதில் வந்துவிடும்; நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கான பெரிய அளவுகளுக்குத்தான் தட்டுப்பாடு. சபைகள் புதிதாக மையம் திறக்கத் திட்டமிடும்போது, திறப்புவிழாச் செலவுக்கு முன்பாக, உதவி பெறும் பெண்ணின் பிள்ளைக்கு இரண்டு வயதாகும் வரையான செலவைக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.