டீசலா, பெட்ரோலா? முதலில் வண்டி எங்கே போகிறது என்று சொல்லுங்கள்

ஜெர்மனிக்கு வருபவர்கள் ஊர் லைசென்ஸை வைத்து ஆறு மாதம்தான் ஓட்ட முடியும். அதற்குப் பிறகு தேர்வு, கட்டணம், அலைச்சல் எல்லாம் முடிந்து உள்ளூர் லைசென்ஸ் கைக்கு வந்ததும் அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபேமிலி கார் பாத்திருக்கேன். டீசல். மைலேஜ் நல்லா குடுக்கும்ல?"

நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது மென்பொருளில். ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பதால் கார் விஷயம் எல்லாம் தெரியும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்டுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வண்டி தினமும் எங்கே போகப் போகுது?"

டீசல் என்றாலே சிக்கனம் என்ற எண்ணம் ஊரிலிருந்து நம்மோடு வந்தது. அங்கே அது நியாயமான எண்ணம்தான். இந்தியாவில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை அரசு முட்டுக் கொடுத்தது. 2012 வாக்கில் சென்னையில் இரண்டுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்தக் காலத்தில் டீசல் வண்டி வாங்கிய மாமாவும் சித்தப்பாவும் சொன்னதைத்தான் நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடைவெளி குறைந்துவிட்டது. மாருதி சுசூகியே 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது.

ஜெர்மனியின் கணக்கு வேறு. இங்கே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எரிபொருள் வரி 65.45 சென்ட், டீசலுக்கு 47.04 சென்ட். பங்கில் டீசல் மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் இந்த வரிதான். ஆனால் ஒரு கையால் கொடுத்ததை அரசு மறு கையால் வாங்கிக்கொள்கிறது. ஆண்டு வாகன வரியில் எஞ்சினின் ஒவ்வொரு 100 சிசிக்கும் பெட்ரோலுக்கு 2 யூரோ, டீசலுக்கு 9.50 யூரோ. 1.5 லிட்டர் பெட்ரோல் காருக்கு 30 யூரோ வந்தால், 2 லிட்டர் டீசலுக்கு 190 யூரோ. கரியமில வாயு அளவை வைத்துப் போடும் வரி இதற்கு மேல். பங்க் விலையும் நிரந்தரம் இல்லை. உக்ரைன் போர் தொடங்கியதை அடுத்து 2022 மார்ச்சில் டீசல் விலை பெட்ரோலைத் தாண்டிப் போனது.

டீசல் எஞ்சின் குறைவாகக் குடிப்பது உண்மையா? உண்மைதான். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஏறக்குறைய 12 சதவீதம் ஆற்றல் அதிகம். காற்றை அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைப்பதால் எஞ்சினின் திறனும் கூடுதல். பெட்ரோல் எஞ்சின் மெதுவாகப் போகும்போது த்ராட்டில் பாதி மூடியிருக்கும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு வாங்குவது போன்ற நிலை அது; அதிலேயே கொஞ்சம் சக்தி வீணாகும். டீசலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஓட்டும் சுகத்திலும் டீசலுக்கு என்று ஓர் இடம் உண்டு. 150 குதிரைத்திறன் உள்ள 2 லிட்டர் டீசலின் இழுவிசை சுமார் 340 நியூட்டன் மீட்டர். அதே 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டர்போ பெட்ரோலுக்குச் சுமார் 250. காலியான சாலையில் பூஜ்யத்திலிருந்து நூறைத் தொடுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் ஏ8 சாலையின் மலையேற்றம் என்றால் தெரியும். பெட்ரோல் கார் கியரைக் குறைத்துச் சத்தம் போட்டு ஏறும். டீசல் கார் அதே கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். திருவிழாவுக்கு இங்கிருந்து ஹம் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இந்த நல்ல குணமெல்லாம் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான். நம் குடும்பங்களில் கார் எங்கே போகிறது? காலையில் குழந்தையை விட கிண்டர்கார்டன், மூன்று கிலோமீட்டர். மாலையில் சூப்பர் மார்க்கெட், இரண்டு கிலோமீட்டர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. வீட்டுக்காரர் ஆபீசுக்கு ரயிலில் போய்விடுவார். டீசல் எஞ்சின் வீணாக்கும் வெப்பம் குறைவு என்பதால் சூடாவதற்கும் நேரம் எடுக்கும். ஜனவரி மாதக் குளிரில் வண்டிக்குள் கதகதப்பு வருவதற்குள் கிண்டர்கார்டனே வந்துவிடும்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செலவு வைப்பது துகள் வடிகட்டி. டீசல் புகையில் உள்ள கரித்துகளை அது பிடித்து வைக்கிறது. அது நிறைந்ததும் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி உள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வண்டி பத்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பாதியில் எஞ்சினை நிறுத்தினால் வேலை அரைகுறை. எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து அதையும் நீர்க்க வைக்கும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இது தினமும் நடக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. எட்டு வயதான டீசல் வண்டி, நல்ல விலைக்குக் கிடைத்தது. இரண்டாவது குளிர்காலத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "சர்வீஸ் அப்போ பாத்துக்கலாம்" என்று விட்டார்கள். வடிகட்டி முழுசாக அடைத்து, அதை மாற்றிய செலவு ஆயிரம் யூரோவைத் தாண்டியது. இரண்டு வருடம் பங்கில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விட்டது. வண்டியிலும் குறை இல்லை, விற்றவரும் ஏமாற்றவில்லை. அந்த வண்டிக்கு அந்த ஓட்டம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சரி, எண்ணாகவே பார்ப்போம். ஒரே அளவுள்ள இரண்டு குடும்ப கார்கள். பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர், டீசல் கார் 5.5 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 1.70 யூரோ, டீசல் 1.60 என்று வைத்துக்கொள்வோம். டீசல் கார் விலை 1,500 யூரோ கூடுதல்.

ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருளில் 775 யூரோ மிச்சம். எஞ்சின் அளவுக்கான வரியில் கூடுதலாகப் போகும் 160 யூரோவைக் கழித்தால் 615. கூடுதலாகக் கொடுத்த விலை இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர்தான் என்றால் எரிபொருளில் 248 யூரோ மிச்சம், வரி போக 88. போட்ட காசை எடுக்க 17 வருடம் ஆகும்! கரியமில வாயு வரியில் டீசலுக்குக் கிடைக்கும் சிறு அனுகூலத்தை இதில் சேர்க்கவில்லை. அவ்வப்போது ஊற்ற வேண்டிய ஆட்ப்ளூ யூரியா கரைசலின் செலவையும் சேர்க்கவில்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

நம் "மைலேஜ்" பழக்கமும் கொஞ்சம் ஏமாற்றும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்த வண்டியை விட்டு 12.5 தரும் வண்டிக்கு மாறினால் 100 கிலோமீட்டரில் 2 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 20 தருவதிலிருந்து 25 தருவதற்கு மாறினால் மிச்சம் 1 லிட்டர்தான். ஐந்து என்பது இரண்டரையை விடப் பெரிதாகக் காதில் விழுகிறது. பர்ஸில் பாதிதான் மிஞ்சுகிறது. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவது இதனால்தான் வசதி. அதை அப்படியே விலையால் பெருக்கிவிடலாம்.

இன்னொன்று, ஊருக்குள் நுழைய முடியுமா என்பது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மோசடி வெளிவந்த பிறகு டீசல் மீதான பார்வையே மாறிவிட்டது. பள்ளத்தாக்கில் காற்று தேங்கும் ஸ்டுட்கார்ட்டில் 2019 ஜனவரியில் யூரோ 4 வரையிலான பழைய டீசல் கார்களுக்குத் தடை வந்தது. லண்டனில் 2023 ஆகஸ்டிலிருந்து ஹாரோ, க்ராய்டன் உட்பட எல்லாப் பகுதிகளும் மாசுக் கட்டண வளையத்துக்குள் வந்தன. அங்கே பெட்ரோல் கார் யூரோ 4 தரம் இருந்தாலே போதும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும். இல்லையென்றால் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். மலிவாக வரும் பத்துப் பன்னிரண்டு வருட டீசல் வண்டி ஏன் மலிவாக வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கேயே பிறந்த பிள்ளைகள் அப்பாவின் பழைய டீசலைப் பார்த்து முகம் சுளித்தால் கோபப்படாதீர்கள். அந்தப் புகைக்குழாய் உயரத்தில்தான் சின்னப் பிள்ளைகளின் மூக்கு இருக்கிறது.

ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜைப் பார்ப்பதற்கு முன் ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தைக் குறித்து வையுங்கள். தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஆட்டோபானில் போகிறவரா? ஆண்டுக்கு இருபதாயிரத்தைத் தாண்டுமா? தாராளமாக யூரோ 6 டீசல் எடுங்கள், நிம்மதியாக ஓட்டுவீர்கள். கிண்டர்கார்டன், கடை, கோவில் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியா? சின்ன டர்போ பெட்ரோல் போதும். ஹைப்ரிட் கிடைத்தால் இன்னும் நல்லது. கோடையில் ஒருமுறை இத்தாலி போவதற்காக வருடம் முழுக்க டீசலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அந்த ஒரு பயணத்துக்குப் பெட்ரோல் காரில் கூடுதலாக ஆகும் செலவு நூறு யூரோகூட வராது.