மதில்மேல் கடுவன்

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பூனை இந்த வருடத்தில் இரண்டாம் தடவையாகக் குட்டி போட்டிருக்கிறதாம். ‘ஆபரேஷன் என்றாலே பயமாக இருக்கிறது. ஊசி, மருந்து ஏதும் கிடையாதா?’

ஆபரேஷன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆணுக்கு விதைகளை எடுப்பார்கள். பெண்ணுக்குச் சினைப்பைகளையும் பெரும்பாலும் கருப்பையையும். சென்னையில் தெருநாய்களுக்குப் பல வருடங்களாகச் செய்து வருகிறார்கள். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு ‘காதுவெட்டு’ என்றே பெயர்.

கத்தி வைக்காத வழியும் நமக்குப் புதிதல்ல. காளைக்குக் காயடிக்கும் கிடுக்கி தோலைக் கிழிக்காமலே விதைக்குப் போகும் ரத்தக்குழாயை நசுக்கிவிடும். நாய்க்கு வந்தது ஊசி. துத்தநாக உப்புக் கரைசலை நேராக விதைக்குள் செலுத்தும் மருந்துக்கு அமெரிக்கா 2003-இல் அனுமதி தந்தது. விந்து உற்பத்தி நிற்கும். ஆண் ஹார்மோன் முழுதாக நிற்காது. அதனால் ஊர் சுற்றலும் சண்டையும் தொடரலாம். போதாததற்கு இது ஆணுக்கு மட்டும். பத்து ஆண் நாயில் ஒன்பதுக்கு ஊசி போட்டாலும், மிச்சமுள்ள ஒன்று தெருவுக்கே போதும்.

எனக்குப் பிடித்தது டெஸ்லோரெலின். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய குச்சி; தோலுக்கடியில் வைத்துவிட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால், இது இனப்பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தே இல்லை, தூண்டும் மருந்து. மூளை சாதாரணமாக ஒரு ஹார்மோனை விட்டு விட்டுச் சுரந்து பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும். அந்த ஹார்மோனின் வேலையை இந்தக் குச்சி இடைவெளியே இல்லாமல் செய்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மன் கோயில். ஆடி பிறந்த முதல் இரண்டு நாள் குழாய் ஒலிபெருக்கி அலறும்போது தூக்கமே வராது. பத்தாம் நாள், “பாட்டு ஓடுதா?” என்று அம்மா என்னைக் கேட்பாள். பிட்யூட்டரியும் அப்படித்தான், ஓயாத கூச்சலுக்குச் செவிடாகிவிடுகிறது. விதைக்குக் கட்டளை போவதில்லை. சில வாரங்களில் நாய் அடங்குகிறது. ஆனால் அந்த முதல் இரண்டு நாள் கதை இங்கேயும் உண்டு: குச்சி வைத்த புதிதில் ஆண் ஹார்மோன் கூடும். ‘மருந்து வைத்தும் இப்படித் துள்ளுகிறதே’ என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. மருந்து தீர்ந்ததும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். வளர்ப்பு நாய்க்கு அது சௌகரியம். தெருநாயை வருடா வருடம் யார் துரத்திப் பிடிப்பது?

ஒரே தடவையில், ஆண் பெண் இரண்டுக்கும், நாய் பூனை இரண்டுக்கும் ஆகும் மருந்து கண்டுபிடித்தால் 2.5 கோடி டாலர் பரிசு என்று அமெரிக்க மருத்துவர் காரி மைக்கல்சன் 2008-இல் அறிவித்தார். பரிசு அப்படியே கிடக்கிறது. கிட்டே வந்தது 2023-இல் வெளியான ஓர் ஆய்வு. சினைமுட்டை வளராமல் தடுக்கும் ஹார்மோனுக்கான மரபணுவை ஆறு பெண் பூனைகளுக்கு ஒரே ஊசியாகப் போட்டார்கள். கடுவனோடு மாதக்கணக்கில் விட்டும் ஒன்றுகூடச் சினையாகவில்லை. கடைக்கு வரும் நாள் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது வேறு ஊசி. பருவத்தைத் தள்ளிப்போட என்று பெண் நாய்க்கும் பூனைக்கும் போடும் புரோஜெஸ்டிரோன் வகை. வருடக்கணக்கில் போட்டால் கருப்பையில் சீழ் வைக்கலாம், மடியில் கட்டி வரலாம். சீழ் வைத்தால் எந்த ஆபரேஷனுக்குப் பயந்தோமோ அதையே காய்ச்சலோடு கிடக்கும் பிராணிக்கு நள்ளிரவில் செய்ய வேண்டியிருக்கும். இன்னொரு கூட்டம் ஆபரேஷனைப் பாவம் என்று சொல்லிவிட்டு, கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டி மார்க்கெட் ஓரம் விட்டுவிட்டு வரும். அது மட்டும் எந்தக் கணக்கில் புண்ணியம்?

தஞ்சாவூர் அம்மா, உங்கள் பூனைக்கு ஆபரேஷன்தான். குட்டிகள் பால் மறந்ததும் கூட்டிக்கொண்டு போங்கள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடலாம். அதுவரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். கடுவன் இந்நேரம் மதில்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.