ருஷ்யாவுக்கு ஓங்கிய கை... அயோவா விவசாயி முதுகில் அடி!

ஆப்கானிஸ்தானுக்குள் ருஷ்யப் பட்டாளம் புகுந்தது 1979 டிசம்பர் கடைசியில். இரண்டே வாரத்தில் அதற்கு அடி வாங்கியது யார் தெரியுமா? பல ஆயிரம் மைல் தள்ளி, அமெரிக்காவில் மக்காச்சோளமும் கோதுமையும் போட்டிருந்த குடியானவர்!

1980 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை இரவு. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் டெலிவிஷனில் தோன்றினார். ருஷ்யா வாங்க இருந்த தானியத்தில் 1 கோடியே 70 லட்சம் டன்னுக்குத் தடை போட்டார். 1975-ல் செய்த ஒப்பந்தப்படி கொடுத்தே தீரவேண்டிய 80 லட்சம் டன் மட்டும் போகும். அதற்கு மேல் ஒரு மணி கூடக் கிடையாது!

இத்தனைக்கும் கார்ட்டர் யார்? ஜார்ஜியாவில் நிலக்கடலை பயிரிட்ட குடும்பம். 1976 தேர்தலில் தானியத் தடைகளுக்கு முடிவு கட்டுவேன் என்று அயோவா விவசாயிகளிடம் பேசி ஓட்டுக் கேட்டவர். ஓட்டு வேறே, உலக அரசியல் வேறே!

ருஷ்யாவுக்கு அப்போது பெருந் தட்டுப்பாடு. 1979-ல் அவர்கள் போட்ட கணக்கு 22 கோடி டன்னுக்கு மேல். களத்துக்கு வந்ததோ சுமார் 18 கோடி டன்தான். ஜனங்களுக்கு இறைச்சி தருகிறோம் என்று சொல்லி ஆடு, மாடு, பன்றியைப் பெருக்கி வைத்திருந்தார்கள். அதற்கெல்லாம் தீவனம் வேண்டுமே! தடை விழுந்த தானியத்தில் பெரும் பகுதி மக்காச்சோளமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சந்தைக்குப் பூட்டு!

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தானிய முன்பேர வியாபாரத்தையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. கதவைத் திறந்தால் விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும் என்ற கிலி. புதன்கிழமை திறந்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு இறங்கலாம் என்று விதி இருக்கிறதோ, அவ்வளவும் இறங்கி நின்றது.

ஏற்றுமதிக் கம்பெனிகள் ருஷ்யாவோடு போட்டிருந்த ஒப்பந்தங்களை அரசாங்கம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. கம்பெனிக்காரர்கள் பிழைத்தார்கள். விவசாயிக்கு? 'கடன் தருகிறோம், தானியத்தைக் கிடங்கில் போட்டுப் பூட்டி வை, விலை ஏறினால் விற்றுக்கொள்' என்பதுதான் வழி. கடனை வைத்துக் கடனை அடைக்கிற இந்தக் கணக்கு நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை!

அர்ஜென்டினா அடித்த பரிசு

அமெரிக்கா தன் தோழர்களைக் கூப்பிட்டு, நீங்களும் கூடுதலாக விற்காதீர்கள் என்றது. கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் தலையை ஆட்டின. அர்ஜென்டினா மட்டும் முடியாது என்றது.

அங்கே ஆட்சியில் இருந்தது ராணுவம். கம்யூனிஸ்ட் என்றாலே பிடித்து உள்ளே தள்ளுகிற ஆட்கள். ஆனால் மாஸ்கோவின் பணத்தில் மட்டும் அவர்களுக்குக் கட்சி தெரியவில்லை! அமெரிக்க விலையைவிட நல்ல லாபம் வைத்து விற்றார்கள். 1980 ஜூலையில் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் 45 லட்சம் டன் என்று கையெழுத்தே போட்டுவிட்டார்கள். ருஷ்யா வாங்க நினைத்ததில் பெரும் பகுதி வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. மாஸ்கோவை வழிக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன தடையின் கதை இது.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மொத்த தானிய ஏற்றுமதி அந்த வருஷம் குறைந்துவிடவில்லை. அர்ஜென்டினாவின் பழைய வாடிக்கைகள் அமெரிக்கப் பக்கம் திரும்பின. 1980 கோடையில் வறட்சி வந்து விலையும் ஏறியது. பின்னால் அமெரிக்க விவசாயிகள் கூட்டம் கூட்டமாக நிலத்தை ஏலத்தில் விட்டதற்கு இந்தத் தடை ஒன்றே காரணமில்லை. 20 சதவீதத்தைத் தாண்டிய வட்டியும், ஏறிப்போன டாலரும்தான் கழுத்தை நெரித்தன. 'வேலி ஓரம் வரை விதையுங்கள், உலகமே வாங்கும்' என்று 70-களில் அரசாங்கமே உசுப்பிவிட்டதை நம்பி நிலம் வாங்கியவர்கள் அவர்கள்.

ஆனால் வாடிக்கை போச்சே! ருஷ்யா வெளியே வாங்கிய தானியத்தில் முக்கால் பங்கு போல அமெரிக்காவுடையதாக இருந்தது, கால் பங்கு அளவுக்குச் சரிந்தது. மளிகைக் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கோபத்தில் ஒரு நாள் கடையைச் சாத்தினால், அடுத்த தெருக் கடையில் கணக்கு ஆரம்பித்த வாடிக்கை லேசில் திரும்புமா?

இது முதல் தடவையும் இல்லை. 1973-ல் நிக்சன் சோயா ஏற்றுமதியை நிறுத்தினார். பயந்துபோன ஜப்பான் பிரேசிலுக்குப் பணத்தோடு போனது. 1966-ல் வியட்நாம் யுத்தத்தைப் பற்றி இந்தியா பேசிய பேச்சு பிடிக்காமல், ஜான்சன் பி.எல். 480 கோதுமையைக் கப்பல் கப்பலாக எண்ணி விட்டது நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ரீகன் செய்தது

1980 தேர்தலில் ரீகன் தடையை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். ஜெயித்தார். 1981 ஏப்ரல் 24-ல் தடையை எடுத்தார். ருஷ்யப் பட்டாளம் அப்போதும் ஆப்கானிஸ்தானில்தான் இருந்தது! 1983-ல் புது ஒப்பந்தம்: வருஷம் குறைந்தது 90 லட்சம் டன். கையெழுத்தான ஏற்றுமதியை 270 நாளைக்கு அரசாங்கம் தடுக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது.

அந்தச் சட்டத்தால் வாங்குகிறவர் கையைக் கட்ட முடியுமா? 2018-ல் டிரம்ப் சீனச் சரக்குக்கு வரி போட்டார். ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் திருப்பிப் போட்டது. 2017-ல் சுமார் 1,200 கோடி டாலருக்குச் சீனாவுக்குப் போன சோயா, 2018-ல் சுமார் 300 கோடி டாலருக்கு விழுந்தது. விவசாயிகளைச் சமாதானப்படுத்த அந்த வருஷம் 1,200 கோடி டாலர், மறு வருஷம் 1,600 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தார்கள். சீனாவின் ஆர்டர்? அது பிரேசிலுக்குப் போய்விட்டது.